சார்ஜ்னா பாரம்

சார்ஜ்ங்கிற ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் இருக்கு, சொல்லுங்க டீச்சர், பாப்போம்? யோசிக்காம டக்குனு சொல்லணும். அஞ்சா? போச்சு, நீங்க ஃபெயில். நானும் என் பொண்ணும் ஒன்பது பிடிச்சோம். அவ நோட்டுல எட்டுதான் இருக்கும். ஒன்பதாவதை எழுத எடம் பத்தல. மார்ஜின்ல எழுதுடீன்னேன். மார்ஜின்ல எழுதினா எங்க டீச்சர் காதைத் திருகுவாங்கன்னு சொல்லிட்டா. திருகுவீங்களா? சும்மா கேட்டேன், சிரிங்க.

இல்ல, நாற்காலி எல்லாம் வேணாம், இந்த பெஞ்சே போதும். முட்டி கொஞ்சம் மேல வருது, அவ்வளவுதான். அவ எடம் இதுதானே? பாத்தாலே தெரியுது, பென்சில் சீவின குப்பை எல்லாம் இங்கயே கிடக்கு.

நீங்க வரச் சொன்னீங்கன்னதும் ஓடி வந்தேன். மறுபடி யாரையாவது கடிச்சு வச்சுட்டாளோன்னு நினைச்சேன். இல்லையா? நோட்டுல எழுதினதுக்கா? எந்த வரி? ஏழாவதா? கொஞ்சம் படிங்க டீச்சர், நானே எழுத்துக் கூட்டிப் படிச்சா பொழுது போயிடும்.

எங்க அம்மா மேல ஒரு சார்ஜ் இருக்கு. அம்மாவுக்கு வேலை போயிடும். இப்படியா எழுதியிருக்கா? அடிப்பாவி! நான் தூங்கினப்புறம் எழுதியிருக்கா. என்கிட்ட காட்டினப்போ ஏழாவதுல டாக்டர் ஃபீஸ் மாதிரி ஏதோதான் இருந்துச்சு.

பொய் இல்ல டீச்சர். உண்மைதான். அதுக்காக மூஞ்சிய அப்படி வைக்காதீங்க, எனக்கே பாவமா இருக்கு என்னைப் பாத்தா.

நான் ஆஸ்பத்திரியில வார்டு அட்டெண்டர். பெட்ஷீட்டு மாத்துறது, பேஷண்ட்டைத் தள்ளிட்டுப் போறது, மிஷினை எல்லாம் தொடச்சு வைக்கிறது, அந்த மாதிரி. அங்க போன வாரம் எனக்குக் குத்தம் சாட்டி ஒரு சார்ஜ் மெமோ குடுத்துட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை, அங்க பதில் எழுதிக் குடுக்கணும். பதில் சரியில்லன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பதில் சரியா இருந்தா? அதான் டீச்சர், எது சரியான பதில்னு தெரியாமத்தான் ஒரு வாரமாப் பையில வச்சுக்கிட்டு அலையுறேன். இந்தாங்க, இதுதான் மெமோ. ரெண்டு பக்கம். இது பதில். ஒரே ஒரு வரி. இதைப் பாத்து நான் என் கையால எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. நான் மறந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க, அப்படித்தானே இருக்கு? ஆமா, அப்படித்தான்னு சொன்னாங்க எழுதிக் குடுத்தவங்க.

நான் எழுதல. எங்க இன்சார்ஜ் அக்கா எழுதிக் குடுத்தது. கையெழுத்து முத்து முத்தா இருக்குல்ல? அவங்க எதை எழுதினாலும் அப்படித்தான் இருக்கும்.

சொல்றேன், சொல்றேன். மொதல்ல இந்த ஹோம்வொர்க் கதையைக் கேளுங்க, அதுலதான் எல்லாமே ஆரம்பிச்சுது. பல அர்த்தம் இருக்கிற ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பிடிச்சுட்டு வாங்கன்னு நீங்க சொல்லி அனுப்பிட்டீங்க. உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க. நான் படிச்சது ஊர்ப் பள்ளிக்கூடம். அங்க இங்கிலீஷ் வாத்தியார் வர்ற நாளைவிட வராத நாள் ஜாஸ்தி. வீட்டுக்காரரைக் கேக்கலாம்னா அவரு லாரியில, வாரத்துல நாலு நாள் வீட்டுலயே இருக்க மாட்டாரு. ஃபோன்ல கேட்டா, லாரிங்கிற வார்த்தையை எழுதச் சொல்லுங்கிறாரு. அதுக்கு எத்தனை அர்த்தங்கன்னேன். ஒண்ணுதான், ஆனா கஷ்டமான அர்த்தம்னாரு. அவருகிட்ட கேட்டது என் தப்பு.

மேசை மேல இந்த மெமோ கிடந்துச்சா, என் பொண்ணு அதுல தலைப்பைப் படிச்சா. அம்மா, சார்ஜுன்னா ஃபோனுக்குப் போடுறதுதானே, அதை ஏம்மா பேப்பர்ல எழுதியிருக்காங்கன்னா. அட, ஆமால்லன்னு தோணுச்சு. அங்கயே கிடைச்சிடுச்சு வார்த்தை! ரெண்டு பேரும் உக்காந்து யோசிக்க ஆரம்பிச்சோம். ஃபோனுக்கு சார்ஜ் ஒண்ணு. பஸ் சார்ஜ் ரெண்டு. இன்சார்ஜ் மூணு. ஆஸ்பத்திரியில பொழுதன்னைக்கும் டிஸ்சார்ஜ் டிஸ்சார்ஜ்னு கத்துறோமே, அது நாலு. இந்த மெமோ அஞ்சு. அதுக்கு மேல ஓடல. மாடி வீட்டுல ஒரு டைப்பிஸ்ட் இருக்காரு, ரிட்டையர் ஆனவரு. தலகாணி மாதிரி ஒரு டிக்‌ஷனரி வச்சிருப்பாரு. அவருகிட்ட ஓடினோம். மனுஷன் எத்தனை நாளாக் காத்துக்கிட்டிருந்தாரோ, இந்த மாதிரி யாராவது வந்து கேப்பாங்களான்னு! மூணு மணி நேரம் விடல எங்களை.

சண்டையில பாஞ்சு போறதுக்கும் சார்ஜ்தானாம். துப்பாக்கியில மருந்து கெட்டிக்கிறதும் அதுதானாம். ஒருத்தர் பொறுப்புல விட்ட குழந்தையையும் அப்படிச் சொல்வாங்களாம். அதைக் கேட்டதும் என் பொண்ணு, அப்ப நான் உனக்கு சார்ஜாம்மான்னு கேட்டா. நீ எனக்கு சார்ஜ் இல்லடி, என் பேட்டரியைக் காலி பண்றவன்னேன்.

இதைக் கேளுங்க டீச்சர், இதுதான் எனக்குப் பிடிச்சுது. இத்தனை அர்த்தத்துக்கும் அடியில ஒரே ஒரு வண்டி நிக்குதாம். மாட்டு வண்டி, குதிரை வண்டி மாதிரி ஒண்ணு. லத்தீனோ என்னவோ, ரொம்பப் பழைய பாஷையில வண்டிக்கு ஒரு பேரு. அதுல பாரம் ஏத்துறதுக்கு அதுலருந்து இன்னொரு வார்த்தை வந்துச்சாம். அது ஃப்ரெஞ்சுக்குப் போய், அங்கருந்து இங்கிலீஷுக்கு வந்து சார்ஜ் ஆச்சாம். கார்ங்கிறதும் அதே வண்டிதானாம், கார்கோங்கிறதும் அதே பாரந்தானாம். ஆக சார்ஜ்னா பாரம். ஃபோனுக்குக் கரண்டை ஏத்துறோம். பஸ்ஸுல ஏறினா காசு பாரம். இன்சார்ஜ்னா பொறுப்பைத் தலையில வச்சுக்கிட்டவங்க. டிஸ்சார்ஜ்னா பாரத்தை இறக்கியாச்சு, வீட்டுக்குப் போ. எல்லாம் சரி, சண்டையில பாயுறது எப்படிங்க பாரமாகும்னு டைப்பிஸ்டைக் கேட்டேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைக்கிறாரு, தெரியல அவருக்கு. என் பொண்ணு சொன்னா, மேல விழுந்து அமுக்கினா பாரந்தானே தாத்தான்னு. அவரு அப்படியே அதை எழுதி வச்சுக்கிட்டாரு.

மெமோ எப்படி பாரம்னு கேக்கவே வேணாம். ஒருத்தர் தலையில கட்டிட்டாங்கன்னு நாமளே சொல்லுவோமே.

வர்றேன், அங்கதான் வர்றேன். நீங்க பிள்ளைங்களை இப்படித்தான் அவசரப்படுத்துவீங்களா?

எங்க வார்டுல ஒரு மிஷின் இருக்கு. தொண்டையில சளி அடைச்சுக்கிட்டா உறிஞ்சி எடுக்கிற மிஷின். கையில தூக்கிட்டுப் போறது. பேஷண்ட்டை ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போறப்போ கூடவே எடுத்துட்டுப் போவோம், அதனால பேட்டரியில ஓடும். பழைய பேட்டரி, வயரைக் கழட்டினா மூணு மணி நேரத்துல தானா இறங்கிடும், அதனால எப்பவும் சார்ஜ்ல போட்டே வச்சிருக்கணும். காலையில ஏழு மணிக்கு அதைச் சரி பாக்கிற வேலை என்னோடது. பிளக் சொருகியிருக்கா, பச்சை லைட்டு எரியுதா, ஒரு நிமிஷம் ஓட விட்டா உறிஞ்சுதா, பாத்துட்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்து. அவ்வளவுதான் வேலை. சின்னப் பிள்ளை கூடச் செஞ்சிடும்.

அன்னைக்குப் பத்து மணிக்கு ஒரு பெரியவரை ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போனோம். நான், ஒரு நர்ஸ், அந்தப் பெரியவரோட மக. லிஃப்டுக்குள்ள ஏறி கதவு மூடிச்சு. அவருக்கு அடைச்சுக்கிட்டுது. நர்ஸ் மிஷினைப் போட்டாங்க. ரெண்டு தடவை முனகிச்சு, நின்னுடுச்சு. அப்படியே செத்துப் போச்சு மிஷின். அந்தப் பெரியவரு என் கையைத்தான் டீச்சர் பிடிச்சுக்கிட்டாரு. என் விரலெல்லாம் வெளுத்துப் போச்சு. மக கத்துறா. ரெண்டு மாடி இறங்குறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும், அரை நிமிஷம்? எனக்கு அது இன்னும் முடியவே இல்ல. கதவு திறந்ததும் நர்ஸ் பாஞ்சாங்க, எதுத்த வார்டுலருந்து இன்னொரு மிஷினைப் பிடுங்கிட்டு வந்தாங்க. சண்டையில பாயுற அந்த சார்ஜ் இருக்கே, அது என்னன்னு அன்னைக்குத்தான் பாத்தேன்.

பொழைச்சுக்கிட்டாரு. ஆமா டீச்சர், நல்லா இருக்காரு. அஞ்சாம் நாள் டிஸ்சார்ஜ். நான்தான் வாசல் வரைக்கும் தள்ளிட்டுப் போனேன். அவரு மக என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. பாக்காட்டி என்ன, எங்க அப்பாவா இருந்தா நானும் பாத்திருக்க மாட்டேன். அவங்கதான் புகார் எழுதிக் குடுத்தது. எழுதணும், அதுல தப்பே இல்ல.

வார்டுக்கு வந்து பாத்தா, மிஷினோட பிளக்கு பீரோவுக்குப் பின்னால தரையில கிடக்குது. ரிஜிஸ்டரை எடுத்துப் பாத்தா, ஏழு மணி, பிளக் சரி, லைட்டு சரி, ஓட்டிப் பாத்தாச்சு, கீழ கையெழுத்து. யாரு கையெழுத்து? என் பேருதான். அப்புறம் மெமோ வராம வெத்தலை பாக்கு வச்சா அழைப்பாங்க?

சார்ஜ் போடல. போட்டதாப் பொய் எழுதியிருக்க. ரெண்டு குத்தம். மொதல் பக்கத்துல இருக்கிறது அதுதானே? பாத்தீங்களா, நானும் கத்துக்கிட்டேன்.

அக்கா ஓடி வந்தாங்க. அவங்களைப் பத்திச் சொல்லணும். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவங்க. நான் வேலைக்குச் சேந்த மொத நாள் பெட்ஷீட்டை மூலை மடிச்சுச் சொருகக்கூடத் தெரியாது எனக்கு. பக்கத்துல நின்னு கத்துக் குடுத்தாங்க. என்னை வாலுன்னுதான் கூப்பிடுவாங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டா கோவமா இருக்காங்கன்னு அர்த்தம். என் பொண்ணுக்கு அவங்க பெரியம்மா. போன வருஷம் இவளுக்குக் காய்ச்சல் வந்தப்போ ரெண்டு நாள் லீவு போட்டு எங்க வீட்டுல வந்து உக்காந்துட்டாங்க, எனக்கு லீவு மிச்சம் இல்லன்னு. கூடப் பொறந்த அக்கா செய்ய மாட்டா அதை. ஆறு மாசம் முன்னாடி அவங்களை இன்சார்ஜ் ஆக்கினாங்க. அவங்க வீட்டுல சந்தோஷப்பட்டாங்களோ இல்லையோ, நான் வார்டு பூரா சொல்லிட்டு வந்தேன். படுத்துக் கிடக்கிற பேஷண்ட்டையெல்லாம் எழுப்பிச் சொன்னேன்.

அவங்க மெமோவை வாங்கிப் படிச்சாங்க. எனக்குத் தமிழ்ல சொன்னாங்க. பயப்படாத வாலு, நான் பாத்துக்கிறேன். மொதத் தடவைதானே, மறந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு, கண்டிச்சு விட்டுடுவாங்க. விளக்கம் கிளக்கம்னு நீட்டினா வம்பு. நானே எழுதித் தர்றேன், பாத்து எழுதிக்கோ. அப்படின்னுட்டு அங்கயே நின்ன நிலையில எழுதிக் குடுத்தாங்க. நான் அவங்க தோள்ல சாஞ்சு அழுதேன் டீச்சர். அவங்க சேலையில மூக்கைக் கூடச் சிந்தினேன். சிரிக்காதீங்க.

அன்னைக்கே எழுதிக் குடுத்திருப்பேன். இங்கிலீஷ் எழுத்து கோணலா வருமேன்னு நல்ல பேப்பர் வாங்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்க ஹோம்வொர்க் வந்துச்சு.

டைப்பிஸ்ட் வீட்டுலருந்து வந்தப்புறம் என் பொண்ணுக்கு ஆசை அடங்கல. அம்மா, இந்தப் பேப்பர்ல சார்ஜுங்கிறது எத்தனை தடவை வருதுன்னு எண்ணலாமான்னா. பென்சிலால ஒவ்வொண்ணையும் வட்டம் போடுறா, பாருங்க, இந்த வட்டமெல்லாம் அவ வேலை. மெமோவுலயா கிறுக்குறன்னு முதுகுல ஒண்ணு வச்சேன், அப்புறம் நானும் கூட உக்காந்து எண்ணினேன். மொதப் பக்கத்துல ஆறு. ரெண்டாவது பக்கத்துல நாலு. ரெண்டாவது பக்கமா? அக்கா எனக்குப் படிச்சுக் காட்டினது ஒரு பக்கம்தானே? பின்னால இருக்கிறது சும்மா சட்டதிட்டம்னுதானே சொன்னாங்க?

திருப்பிப் பாருங்க டீச்சர். கீழ அந்தக் கையெழுத்தையும் பாருங்க. நீளமா, முத்து முத்தா.

நாங்க ரெண்டு பேரும் ஒவ்வொரு வார்த்தையா டிக்‌ஷனரியில தேடினோம். அந்த ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். சா-ன்னு தேடினா, பாத்தேன்னு அர்த்தம். ஓன் ஐஸ்-ன்னா சொந்தக் கண்ணு. சொந்தக் கண்ணுன்னா என்னம்மா, வாடகைக் கண்ணு வேற இருக்கான்னு கேக்குறா இவ. எனக்குச் சிரிப்பு வரல. கடைசியில தமிழ்ல சேத்து வச்சுப் படிச்சா இதுதான் வந்துச்சு. வார்டு இன்சார்ஜ் ஆகிய நான், அன்று காலை ஏழு மணிக்கு, இவள் மிஷின் பக்கத்தில் நின்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டதை என் சொந்தக் கண்ணால் பார்த்தேன். மிஷினைச் சோதித்ததைப் பார்க்கவில்லை. இவள் முன்பும் இப்படிச் செய்திருக்கிறாள்.

முன்பும். அந்த வார்த்தை ஒண்ணு போதாதா?

சரியாத்தான் படிச்சிருக்கோமா டீச்சர்? நீங்க ஒரு தடவை பாருங்க. நாங்க தப்பா அர்த்தம் பண்ணியிருந்தா சொல்லுங்க, இப்பவே அவங்க கால்ல போய் விழுந்துடுறேன்.

சரிதானா.

சரி.

நான் உடனே நம்பல, அதையும் சொல்லிடுறேன். யாராவது மிரட்டி எழுத வாங்கியிருப்பாங்க, அவங்களுக்கும் குடும்பம் இருக்கு, என்கிட்ட சொல்ல வாய் வராம தவிக்கிறாங்கன்னு நானே அவங்களுக்காக வக்கீல் மாதிரி வாதாடிக்கிட்டிருந்தேன். நேத்து மதியம், ரெண்டு பேரும் பெட்ஷீட்டை உதறி மடிச்சுக்கிட்டிருக்கோம். அவங்க ஒரு முனை, நான் ஒரு முனை. மடிச்சு மடிச்சு கிட்ட வர்றோம்ல, அப்போ மூஞ்சிக்கு நேரா கேட்டேன். அக்கா, அன்னைக்கு ஏழு மணிக்கு என்னைப் பாத்தீங்களாக்கா?

பெட்ஷீட்டை என் கையிலருந்து வாங்கிக்கிட்டாங்க. மூலையை இழுத்து நேரா வச்சாங்க. பாத்தேனே, நீதான் மறந்துட்டன்னாங்க. என் பேரைச் சொல்லி.

அந்த மூஞ்சியை நான் நல்லாப் பாத்தேன் டீச்சர். ஒரு சின்ன அசைவு இல்ல. நானே ஒரு நிமிஷம் நினைச்சேன், ஒருவேளை நான் இருந்தேனோ, எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு. அப்படிச் சொன்னாங்க அந்தப் பொய்யை, அவ்வளவு நல்லா.

ஆமா, பொய்தான். ஏழு மணிக்கு நான் எப்படி வார்டுல இருப்பேன்? ஏழு மணிக்கு நான் எங்க இருப்பேன்னு உங்களுக்குத் தெரியாதா என்ன? ஸ்கூல் வேன்கிட்ட நின்னுக்கிட்டிருப்பேன். அன்னைக்கு வேன் டூட்டி உங்களோடது. தண்ணி பாட்டிலை விட்டுட்டுப் போயிட்டான்னு நான் செருப்பு ஒரு பக்கம் கழண்டு விழ ஓடி வரல? நீங்க வேனை நிறுத்தி ஜன்னல் வழியா வாங்கிக்கல? பாத்தீங்களா, ஞாபகம் இருக்குல்ல. தினமும் அப்படித்தான். வேனை அனுப்பிட்டு பஸ் பிடிச்சு வார்டுக்குள்ள நுழையறப்போ ஏழு இருபது, இருபத்தஞ்சு.

அப்போ ரிஜிஸ்டர்ல இருக்கிற கையெழுத்து? அதான் டீச்சர். அது நான் போட்டது இல்ல. அக்கா போட்டது.

தினமும் அவங்கதான் போடுவாங்க. ரெண்டு வருஷமா. நான் கேட்டுக்கிட்டதுதான், என் தப்பு அது, மறைக்க மாட்டேன். இவளை இந்த ஸ்கூல்ல சேத்தப்போ வேன் ஏழு மணிக்குன்னு சொல்லிட்டாங்க. வேலையை விட்டுடலாம்னு இருந்தேன். அக்காதான், அட போடி, நான் ஆறேமுக்காலுக்கே வந்துடுவேன், மிஷினைப் பாத்துட்டு உனக்கும் சேத்து நானே போட்டுடுறேன்னாங்க. பதிலுக்கு நான் மதியம் அவங்களுக்கு. ரிஜிஸ்டர்ல ரெண்டு மணிக்கு இன்னொரு கட்டம் இருக்கு, அது அவங்களோடது. அவங்க ஒன்றரைக்கே கிளம்பணும், அவங்க பொண்ணு ஸ்கூல் சீக்கிரம் விட்டுடும். மிஷினைத் தொடச்சு சார்ஜ்ல போட்டு அவங்க பேரை நான் எழுதுவேன். பழைய சாப்பாட்டுச் சீட்டுக்குப் பின்னால எழுதி எழுதிப் பழகினோம். ஒருத்தர் பேரை ஒருத்தர் எழுதி, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. என் கையெழுத்தை என்னைவிட அவங்க நல்லாப் போடுவாங்க. நான் கடைசியில ஒரு சுழி போடுவேன், எனக்கு அது சில நாள் வரும், சில நாள் வராது. அவங்களுக்கு ஒரு நாள் கூடத் தப்பாது.

இப்ப அந்த விசாரணைக்காரங்க என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா? அன்னைக்குப் போட்ட கையெழுத்தையும் அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷக் கையெழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருக்காங்க. அச்சு அசலா ஒத்துப் போகுதாம். ஒத்துத்தானே போகும்! எல்லாம் ஒரே கை போட்டதாச்சே. நாளைக்கு நான் என் கையால போட்டுக் காட்டினா, அதுதான் கள்ளக் கையெழுத்து மாதிரி இருக்கும்.

பிளக்கா? அதையும் கேட்டுடுங்க. அந்த மூலையில ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். அன்னைக்கு நான் வந்தப்போ அதுல ஒரு ஃபோன் சார்ஜ் ஏறிக்கிட்டிருந்துச்சு. ஒன்பது மணிக்கு நானே அதைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் குடுத்தேன், நூறு ஆயிடுச்சுக்கான்னு. தேங்க்ஸ்டி வாலுன்னு வாங்கிக்கிட்டாங்க. மிஷின் வயரு எங்கன்னு எனக்கும் தோணல, அவங்களுக்கும் தோணல. ரெண்டு பேரும் மறந்தோம். அதை வந்து சொல்லியிருந்தா போதும் டீச்சர். வாலு, நான்தான் கழட்டினேன், என்னடி பண்றதுன்னு ஒரு வார்த்தை. சத்தியமாச் சொல்றேன், நானே என் தலையில போட்டுக்கிட்டிருப்பேன். அவங்க கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கேக்காம எடுத்துக்கிட்டாங்க. அதுதான்.

வீட்டுக்காரரு சொல்றாரு, அந்த ஒரு வரியை எழுதிக் குடுத்துட்டு வாயை மூடிட்டு இரு, ஒருவேளை மன்னிச்சாலும் மன்னிப்பாங்கன்னு. முன்பும் இப்படிச் செய்திருக்கிறாள்னு அவங்க எழுதினப்புறம் யாரு மன்னிப்பா? மறந்துட்டேன்னு நான் எழுதின அடுத்த நிமிஷம் அது உண்மையாயிடும். அப்புறம் வேற எந்த ஆஸ்பத்திரியில என்னைச் சேப்பாங்க?

தெரியும். உண்மையை எழுதினாலும் வேலை போகலாம். ரெண்டு வருஷம் கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கோமே. அவங்களுக்கும் போகும், எனக்கும் போகும். நல்லா யோசிச்சுட்டேன். நான் செஞ்சதுக்கு என்ன குடுப்பாங்களோ குடுக்கட்டும், வாங்கிக்கிறேன். என் வண்டியில என் பாரம் இருந்தா இழுத்துட்டுப் போறேன்.

நீங்க வர்றீங்களா? விசாரணைக்கா? ஏழு மணிக்கு வேன்கிட்ட பாத்தேன்னு சொல்வீங்களா? வேணாம்னு சொல்லுவேன்னு நினைக்காதீங்க, அவ்வளவு நல்லவ இல்ல நான். வாங்க. பத்து மணிக்கு. மூணாவது மாடி. லிஃப்ட் வேணாம், படியேறியே போயிடலாம்.

ஆனா அதுக்கு முன்னாடி, பதிலை இங்கிலீஷ்ல நீங்கதான் எழுதித் தரணும். நான் தமிழ்ல சொல்றேன். மொதல்ல என் தப்பை எழுதுங்க. ரெண்டு வருஷமா காலையில என் கையெழுத்தை இன்னொருத்தர் போட்டாங்க, மதியம் அவங்க கையெழுத்தை நான் போட்டேன். அது தப்பு, தெரிஞ்சேதான் செஞ்சேன். அப்புறம், சம்பவத்தன்னைக்கு ஏழு மணிக்கு நான் வார்டுல இல்ல. எங்க இருந்தேங்கிறதுக்கு சாட்சி இருக்கு. அந்த ஏழு மணிக் கையெழுத்து நான் போட்டது இல்ல, போட்டவங்க இவங்க. மன்னிப்பு கின்னிப்பு எதுவும் வேணாம், அந்தப் பெரியவருகிட்டயும் அவரு மககிட்டயும் மட்டும் கேட்டு ஒரு வரி எழுதிடுங்க.

பேரா? இல்ல, சொல்ல மாட்டேன். பயமெல்லாம் இல்ல டீச்சர். அக்கான்னே கூப்பிட்டுப் பழகினவங்க பேரு வாயில வராது, எழுதுறதுக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டு வருஷமா தினமும் எழுதின கை, ஒரு எழுத்து பிசகாது. அந்தப் பேரு வர்ற எடத்தை மட்டும் காலியா விட்டுக் குடுங்க டீச்சர், அதை நானே எழுதிக்கிறேன்.